றலி என்று எழுதினால் றலி ஆகிவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக் கோடியிலோ மாட்டுக் கொட்டிலிலோ கடைத் தாவாரத்திலோ ஒரு பழைய சைக்கிள் சாத்திக் கிடக்கிறவர்கள் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம், நட்டமில்லை.

2022ல் பெட்ரோல் வரிசையில் நின்ற காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். மோட்டார் சைக்கிளை வீட்டில் பூட்டிவிட்டு, துருப்பிடித்துக் கிடந்த மூத்தவாப்பாமாரின் சைக்கிளை வெளியே இழுத்துத் துடைத்து, டயர் டியூப் தேடி அலைந்தோம். வரிசை முடிந்தது. ஆனால் அதோடு ஒரு விஷயம் ஊருக்குத் தெரியவந்தது: பழைய இரும்பு சைக்கிளுக்குப் பெறுமதி இருக்கிறது. அதற்குப் பிறகு மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரைக்கும் நான் பார்க்கிற ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்த வியாபாரத்தில் இரண்டு விதமான அநியாயம் நடக்கிறது. ஒன்று, விபரம் தெரியாத வீட்டில் போய் "இது வெறும் இரும்பு" என்று சொல்லிக் கிலோ கணக்கில் வாங்குவது. இரண்டாவது, ஏதோ ஒரு பிரேமுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, "றலி" என்று ஸ்டிக்கர் ஒட்டி, "1940ஆம் ஆண்டு அசல் இங்கிலாந்து றலி" என்று படம் போட்டு விற்பது. முதலாவதில் விற்கிறவர் ஏமாறுகிறார். இரண்டாவதில் வாங்குகிறவர் ஏமாறுகிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சைக்கிளை அடையாளம் காண நமக்குத் தெரியாது. பெயரைப் பார்க்கிறோம், இரும்பைப் பார்ப்பதில்லை.

நம்ம பக்கம் கறுப்புச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் றலிதான். பெரிய சில்லு, கம்பி பிரேக், நேரான பார், பின்னால் கனத்த கரியல் இருந்தால் முடிந்தது, அது றலி. உண்மையில் இந்த உருவத்தில் சைக்கிள் செய்த கம்பனிகள் பல. ஹம்பர், றட்ஜ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், ஹேர்குலிஸ் எல்லாமே இங்கிலாந்து. பிறகு இந்தியாவில் ஹீரோ, அட்லஸ், ஏவொன். சீனாவில் தியான்ஜின் நகரத்தில் 1950ல் தொடங்கிய பறக்கும் புறா. இவை எல்லாம் பழைய இங்கிலாந்துச் சைக்கிளைப் பார்த்துச் செய்தவை. எல்லாவற்றுக்கும் 28 × 1½ டயர்தான். பத்து யார் தூரத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரித்தான் தெரியும்.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் உள்ள கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும்.

நாட்டிங்ஹாம் நகரத்தில் றலி வீதி என்று ஒரு தெரு. அங்கே இருந்த சிறிய சைக்கிள் பட்டறை ஒன்றை 1880களின் கடைசியில் பிராங்க் பௌடன் என்பவர் கையில் எடுத்தார். தெருவின் பெயரே சைக்கிளின் பெயரானது. சில வருடங்களிலேயே அது பெரிய தொழிற்சாலையாகிவிட்டது. பிறகு அந்தக் கம்பனி மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கியது. 1932ல் ஹம்பர் சைக்கிளின் பெயரை வாங்கினார்கள். 1943ல் றட்ஜ். 1957ல் பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பகுதி. இன்னொரு பக்கம் பேமிங்ஹாமைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், அதாவது டி.ஐ. என்ற பெரிய குழுமம், பிலிப்ஸைத் தன் கையில் வைத்திருந்தது. 1910ல் தொடங்கிய ஹேர்குலிஸை 1946ல் அது வாங்கியது. 1960ல் அந்த டி.ஐ. றலியையே வாங்கிவிட்டது.

இதன் பொருள் என்ன? 1960க்குப் பிறகு இந்த ஆறு பெயர்களுக்கும் முதலாளி ஒருவர்தான். தகட்டில் பி.எஸ்.ஏ. என்று இருக்கும், ஆனால் துப்பாக்கி செய்த அந்தப் பழைய பி.எஸ்.ஏ. கம்பனிக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. தகட்டில் ஹம்பர் என்று இருக்கும், செய்தது றலி தொழிற்சாலையாக இருக்கும். பெயர் ஒரு பக்கம், செய்த கை இன்னொரு பக்கம்.

இதோடு இந்தியாவையும் சேர்த்துப் பாருங்கள். 1949ல் சென்னை அம்பத்தூரில் முருகப்பா குடும்பமும் அந்த டி.ஐ.யும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பனியைத் தொடங்கினார்கள். முதலில் ஹேர்குலிஸ், பிறகு பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களிலும் அங்கே சைக்கிள் வந்தது. வங்காளத்தில் அசன்சோல் நகரத்தில் சென்-றலி என்று ஒரு தொழிற்சாலை. அங்கே இந்தியக் கைகள் றலி செய்தன. ஆகவே "றலி என்று தகட்டில் இருக்கு, அப்போ இங்கிலாந்து" என்று சொல்ல முடியாது. "ஹேர்குலிஸ், அப்போ இந்தியா" என்றும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது?

நான் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும்போது மூலாதாரங்களைப் பற்றிச் சொல்வேன். ஒரு கல்வெட்டை, நாணயத்தை, ஓலையைச் சாட்சிபோல விசாரிக்க வேண்டும். நீ எங்கிருந்து வந்தாய், உன்னை யாராவது மாற்றியிருக்க முடியுமா, மற்றச் சாட்சிகள் உன்னோடு ஒத்துப்போகிறார்களா என்று கேட்க வேண்டும். சைக்கிளுக்கும் அதே விசாரணைதான். எந்தப் பாகத்தை மாற்றுவது லேசோ, அதன் சாட்சி பலவீனம். எந்தப் பாகத்தை மாற்றுவது கஷ்டமோ, அதன் சாட்சிக்குப் பலம் அதிகம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களை லேசில் ஏமாற்ற முடியாது.

முதலில் சாட்சியாகவே எடுக்கக் கூடாதவை: பெல், சீட், ஹேண்டில் பிடி, லைட், டைனமோ, கரியல், ஸ்டாண்ட். இவை எல்லாம் சந்தையில் வாங்கிப் பத்து நிமிடத்தில் பூட்டக்கூடியவை. ஸ்டிக்கரும் பெயின்டும் இந்தக் கூட்டம்தான். "புறூக்ஸ் சீட் இருக்கு, அதனால் அசல்" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சீட் அசல் என்பது மட்டும்தான் அதன் கருத்து.

அடுத்தது அரைச் சாட்சிகள். பெடலோடு சேர்ந்த பெரிய செயின் வீலைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கம்பனிக்காரர்கள் தங்கள் அடையாளத்தை இரும்பிலேயே வெட்டி வைத்தார்கள். றலியில் நாரையின் தலை. ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள். றட்ஜில் விரித்த கை. பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்தும். பார்க்கவே அழகு. ஆனால் ஒரு கிராங்க் ஆப்பைத் தட்டி எடுத்தால் செயின் வீல் கழன்றுவிடும். நல்ல நாரைச் செயின் வீலைக் கொண்டுவந்து ஏதோ ஒரு இந்தியப் பிரேமில் பூட்ட ஒரு பாஸுக்கு அரை மணித்தியாலம் போதும். ஆகவே அது ஒரு நல்ல தொடக்கம், தீர்ப்பு இல்லை.

பின்சில்லின் ஹப்பும் இப்படித்தான். மூன்று கியர் உள்ள ஸ்டேமி ஆச்சர் ஹப் என்றால் அதன் உடம்பிலேயே வருடத்தையும் மாதத்தையும் பொறித்திருப்பார்கள். 55 என்றும் 8 என்றும் இருந்தால் 1955 ஓகஸ்ட். எவ்வளவு தெளிவான சாட்சி! ஆனால் அது சில்லின் பிறந்த திகதி. சில்லு எந்தப் பிரேமோடு பிறந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

முன் போக் கொஞ்சம் பலமான சாட்சி. ஹம்பரை அடையாளம் காண இதைவிட லேசான வழி இல்லை. மற்றச் சைக்கிள்களில் போக்கின் ஒரு பக்கத்துக்கு ஒரு தடித்த குழாய். ஹம்பரின் பெயர்போன இரட்டைப் போக்கில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய்கள், ஆக நான்கு. இருட்டில் கையால் தடவியே சொல்லிவிடலாம். றலியின் போக் என்றால் மேலே இரண்டு தோளும் குழாயைக் குறுக்கே வைத்து மூடியது மாதிரி உருண்டையாக இருக்கும். ஆனால் விபத்தில் முதலில் வளைவது போக்தான். மாட்டு வண்டியிலோ மதகிலோ மோதிய சைக்கிளுக்கு வேறு போக் போட்டிருப்பார்கள். ஆகவே போக் சொல்வதைப் பிரேமும் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பிரேம். இதுதான் தலையாய சாட்சி. இங்கே நாலு இடம் பாருங்கள்.

ஒன்று, ஹேண்டில் போகும் முன் குழாய். தகடு இருந்த இடத்தில் ஆணித் துளைகள் இருக்கும். தகடு கழன்று போயிருந்தாலும் துளை போகாது, பெயின்டுக்குக் கீழே குழியாகத் தெரியும். இப்போது ஒட்டியிருக்கிற தகட்டின் துளைகளும் குழாயில் உள்ள துளைகளும் ஒத்துப்போகாவிட்டால் தகடு வேறு வீட்டுப் பிள்ளை.

இரண்டு, குழாய்கள் சேரும் மூட்டுகள். அந்தக் காலத்தில் குழாயைக் குழாயோடு நேரே பற்ற வைக்கவில்லை. மூட்டில் ஒரு உறை போட்டு, பித்தளை உருக்கி ஒட்டினார்கள். பல கம்பனிகள் வார்ப்பு உறை பாவித்த காலத்தில் றலி உருக்குத் தகட்டை அழுத்தி உறை செய்தது. "முழுவதும் உருக்கினால் ஆன சைக்கிள்" என்று அவர்கள் காலாகாலமாக விளம்பரம் செய்ததன் பின்னணி இதுதான். உறையின் ஓரங்களின் வெட்டு ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு மாதிரி. சந்தேகமில்லாத ஒரு சைக்கிளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

மூன்று, பெடல் அச்சு ஓடுகிற குழாயின் புரி. இதை நம்ம பழைய சைக்கிள் பாஸ்மார் நல்லாகவே அறிவார்கள். உலகம் முழுக்கப் பொதுவாகப் பாவிப்பது ஒரு அங்குலத்துக்கு 24 புரி. அதற்கு இன்றும் பி.எஸ்.ஏ. அளவு என்றுதான் பெயர். கம்பனி போயும் அளவு நிற்கிறது. ஆனால் நாட்டிங்ஹாம் றலி தொழிற்சாலை நெடுங்காலம் தன் சொந்த அளவை வைத்திருந்தது. அங்குலத்துக்கு 26 புரி. அங்கே செய்த ஹம்பருக்கும் றட்ஜுக்கும் அதே அளவுதான். "கடையில் வாங்கின கப் ஏறுதில்ல, பாதியில இறுகுது" என்று ஒரு பாஸ் சொன்னால் அது மிகப் பெரிய சாட்சி. பெயின்ட் பொய் சொல்லும், புரி பொய் சொல்லாது.

நான்கு, பிரேம் இலக்கம். சீட் கம்பி இறங்கும் இடத்திலோ, பெடல் குழாயின் அடியிலோ, பின்சில்லு பூட்டும் காதிலோ பொறித்திருப்பார்கள். எந்த இடத்தில் பொறித்திருக்கிறது என்பதே கம்பனியைப் பற்றி ஒரு செய்தி. ஆனால் இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருடம் சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். றலி தன் இலக்க முறையைப் பல தடவை மாற்றியிருக்கிறது. ஒரே மாதிரியான எழுத்தும் எண்ணும் வெவ்வேறு காலத்தில் வந்திருக்கின்றன. இலக்கம், போக், ஹப், மூட்டு எல்லாம் ஒரு காலத்தைக் காட்டினால் மட்டும் வருடம் பற்றிப் பேசலாம்.

இப்போது ஒரு உதாரணம். தெரிந்த ஒரு காக்கா தன் வீட்டுச் சைக்கிளைப் பார்க்கக் கூப்பிட்டார். "எங்கட மூத்தவாப்பாட சைக்கிள் சேர். அசல் றலி. ஒராள் விலை பேசிட்டுப் போயிரிக்கி" என்றார். முன் குழாயில் றலி ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. கீழே பார்த்தால் போக்கில் நான்கு குழாய். ஸ்டிக்கருக்குக் கீழே நகத்தால் தடவினால் ஆணித் துளைகள். செயின் வீல் இந்திய ஹீரோ. பின்சில்லு சீனா. முன் மட்காட் லுமாலா, நம்ம பாணந்துறையில் செய்தது. சைக்கிள் பாஸைக் கேட்டோம். "இதுக்கு 24 கப் ஏறாது சேர். நான் பழைய கப்பத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் குடுக்கன்" என்றார்.

ஆகவே அது றலி இல்லை. ஹம்பர். 1932க்குப் பிறகு நாட்டிங்ஹாமில் செய்தது. காக்காவின் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் மூன்று தலைமுறையாக றலி என்றுதானே சொல்லி வந்தார்கள். "ஹம்பரை அவர்கள் சைக்கிள்களில் பிரபு என்று சொல்லித்தான் விற்றார்கள், றலியை விடக் குறைவில்லை" என்று நான் சொன்ன பிறகுதான் மனிதர் மூச்சு விட்டார். விலை பேசிப்போனவர் மட்டும் அந்த நான்கு குழாயைப் பார்க்காமல் போயிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் கருத்துக்கு வருகிறேன்.

சேகரிப்பாளர்களுக்கு ஒரு பழக்கம். எல்லாப் பாகமும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வருடத்தில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது "கலப்பு", பெறுமதி குறைவு. அவர்களின் கணக்கில் அது சரியாக இருக்கலாம். நாம் அந்தக் கணக்கை அப்படியே வாங்கிக்கொண்டு, கலப்பை மறைக்க வெட்கப்பட்டு, ஸ்டிக்கர் ஒட்டி அசல் ஆக்கப் பார்ப்பதுதான் பிழை.

ஏன் நம்ம சைக்கிள்கள் கலப்பாயின? 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. 1977 வரை வெளிநாட்டுச் சாமான் லேசில் வராது. போக் உடைந்தால் புதுப் போக்குக்கு எங்கே போவது? பழையதில் கழற்றித்தான் போட வேண்டும். 1978 நவம்பர் சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் சாய்த்தது. அதற்குக் கீழே நின்ற சைக்கிள்கள் எத்தனை? பிறகு யுத்தம். பிறகு 2004 டிசம்பர் 26. கடற்கரைப் பக்கம் வீடே இல்லாமல் போன இடத்தில் சைக்கிளைப் பற்றி யார் கேட்டார்கள்? சேற்றுக்குள் கிடந்து எடுத்த பிரேமுக்கு வேறு சில்லு, நிவாரணமாகக் கிடைத்த சைக்கிளின் ஹேண்டில். இதற்கு மேல் எப்போதும் அடிக்கிற உப்புக் காற்று. நாட்டிங்ஹாம் நிக்கல் பூச்சு நம்ம கடலுக்கு எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும்?

அந்தச் சைக்கிள்களில்தான் மருதமுனைச் சாறன் கட்டுகள் ஊரூராகப் போயின. மீன் பெட்டி கட்டிக்கொண்டு காலையில் சம்மாந்துறைப் பக்கம் ஏறினார்கள். வட்டைக்குப் போகிறவர்கள் மண்வெட்டியைப் பாரில் கட்டிக்கொண்டு போனார்கள். பின்னால் உம்மா, முன்பாரில் பிள்ளை, ஹேண்டிலில் மரக்கறிப் பை என்று முழுக் குடும்பமே போனது. இவ்வளவு வேலை செய்த சைக்கிள் ஒரு ஆணிகூட மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஹம்பர் பிரேமில் இந்தியச் செயின் வீல், சீனச் சில்லு, பாணந்துறை மட்காட் பூட்டிய அந்தச் சைக்கிள் இந்தக் கரையின் ஐம்பது அறுபது வருட வரலாற்றை உடம்பில் எழுதி வைத்திருக்கிறது. அதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். விற்பதென்றால் உள்ளதைச் சொல்லி விற்போம். "பிரேமும் போக்கும் ஹம்பர், மற்றவை பிறகு மாற்றியவை" என்று எழுதுங்கள். குறையைச் சொல்லி விற்பது மார்க்கம் நமக்குச் சொன்ன வியாபார ஒழுக்கம். மாட்டுக்கும் காணிக்கும் அதைப் பேசுகிறோம், சைக்கிளுக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை. வாங்குகிறவரும் அப்படித்தான். பொருளின் பெறுமதி உங்களுக்குத் தெரிந்து, எதிரே நிற்கிற வயதான தாய்க்குத் தெரியாமல் இருக்கும்போது "வெறும் இரும்பு" என்று சொல்லி எடுத்துப் போவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

"சேர், பசிக்குது, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும், பழைய சைக்கிள வச்சி என்ன செய்ற?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு விற்கச் சொல்கிறேன். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு விற்றால் கிலோ விலைக்கும் சரியான விலைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிள்ளைக்குத்தானே போகும்.

ஓடுகிற சைக்கிளாக வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கும் இந்த அறிவு தேவை. 26 புரிப் பிரேமில் 24 கப்பை வைத்து, ஏறவில்லை என்று நீளக் குறடு போட்டு இறுக்கினால் உள்ளே இருக்கும் புரி வழித்துவிடும். பிறகு அந்தப் பிரேம் உண்மையிலேயே வெறும் இரும்புதான். எழுபது வருடம் கடல் காற்றுக்குத் தாங்கியதைப் பத்து நிமிடத்தில் நாம் முடித்துவிடுவோம்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெயின்ட் அடிக்காதீர்கள். கிரைண்டர் போடாதீர்கள். மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் அழுக்கை மட்டும் துடையுங்கள். பழைய கோடும் எழுத்தும் கீழே இருந்தால் மெல்ல மெல்லத் தெரியும்.

இலக்கம் வாசிக்க முடியாவிட்டால் உரசாதீர்கள். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேயுங்கள். நாணயத்தில் சின்ன வயதில் தேய்த்தது மாதிரித்தான். அல்லது இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள்.

ஏழு படம் எடுங்கள்: முன் குழாய், போக்கின் தோள், செயின் வீல், சீட் மூட்டு, பெடல் குழாயின் அடி, பின்சில்லுக் காது, ஹப். நட்டுத் தலைகளையும் பாருங்கள், சிலவற்றில் கம்பனியின் எழுத்து இருக்கும். பழைய லைசன்ஸ் தகடு எங்கேயாவது தொங்கினால் கழற்றி வீசாதீர்கள். அதில் உள்ள வருடம் அந்த வருடத்தில் சைக்கிள் இங்கே ஓடியது என்பதற்குச் சாட்சி.

வீட்டில் வயதானவர்களிடம் இப்பவே கேளுங்கள். யார் வாங்கினது, எந்த ஊர்க் கடை, புதுசா பழசா, காசுக்கா நெல்லுக்கா, எந்தப் பாகம் எப்போது மாறியது. பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் சொல்வதும் ஒரு சாட்சிதான். இரும்போடு ஒத்துப்பார்த்து எடுங்கள். "மூத்தவாப்பா நெல் வித்து வாங்கினார்" என்பதை எந்தப் புரியும் சொல்லாது, அதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு மூலாதாரம் என்றால் என்ன என்று படிப்பிக்க அனுராதபுரம் வரைக்கும் போகத் தேவையில்லை. ஒரு பழைய சைக்கிளை வகுப்பறைக்குள் உருட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு பிள்ளை துளையை எண்ணட்டும், ஒரு பிள்ளை இலக்கத்தைத் தேய்த்து எடுக்கட்டும், இன்னொரு பிள்ளை வீட்டுக்காரரைப் பேட்டி காணட்டும். "இது றலி" என்று ஒருவர் சொன்னவுடன் "எப்படித் தெரியும்?" என்று கேட்கிற பழக்கம் வந்தால் போதும். போனில் வருகிற ஒவ்வொரு செய்தியையும் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற காலத்தில் அந்தப் பழக்கம் சைக்கிளைத் தாண்டியும் உதவும்.

நாட்டிங்ஹாமில் அந்தத் தொழிற்சாலை 2002ல் மூடப்பட்டது. அது நின்ற நிலத்தில் ஒரு பகுதியில் இப்போது பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. செய்த ஊரிலே அடுப்பு அணைந்துவிட்டது. செய்த பொருள் மட்டும் நம்ம கோடிப்புறத்தில், கோழி ஏறி நிற்க, இன்னும் சாத்திக் கிடக்கிறது. அடுத்த முறை பழைய இரும்புக்காரரின் மணிச் சத்தம் கேட்டால், கொடுப்பதற்கு முன் குனிந்து ஒருதரம் போக்கைத் தடவிப் பாருங்கள். குழாய் இரண்டா நான்கா என்று எண்ணுங்கள்.